லிஜோன் சொன்ன சாட்சி

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் பிகினித் திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைவிட ஏறக்குறைய 1,000 மடங்கு வலிமை. பக்கத்து ரோங்கெலாப் தீவின் மீது வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை வெளியேற்றினார்கள். அப்புறம் 1957இல், இனி பயமில்லை என்று அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

குண்டு வெடித்தபோது ரோங்கெலாப் தீவுச் சிறுமி லிஜோன் எக்னிலாங்குக்கு 8 வயது. 1995இல் ஹேக் நகரில், சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் முன் நின்று பேசினார். தனக்கு ஏழு முறை கரு கலைந்ததைச் சொன்னார். தீவுப் பெண்கள் பெற்ற, எலும்பில்லாத, தோல் கண்ணாடிபோல் தெரிந்த சிசுக்களைப் பற்றிச் சொன்னார். உள்ளே மூளையும் துடிக்கும் இதயமும் தெரியுமாம். 'ஜெல்லி மீன் குழந்தைகள்' என்றார். ஓரிரு நாள் மூச்சுவிட்டு அடங்கிவிடும்.

ஒரு பெண் தன் உடம்பின் துயரத்தை உலகத்தின் முன் இப்படி எடுத்துவைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

லிஜோன் 2012இல் இறந்தார். 1985இல் மறுபடி தீவை விட்டு வெளியேறிய ரோங்கெலாப் மக்களில் பெரும்பாலானோர் இன்னும் ஊர் திரும்பவில்லை.