தொட்டுப் பார்க்கலாம்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா மியூசியத்துக்கு இது எங்களுடைய இரண்டாவது படையெடுப்பு. முதல் தடவை செவ்வாய்க்கிழமை போய், வாசலோடு திரும்பினோம். அன்றைக்கு விடுமுறை. இந்தத் தடவை சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

மியூசியம் என்றாலே என் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். கண்ணாடிப் பெட்டி, 'தொடாதீர்கள்' பலகை, அவ்வளவுதானே! இங்கே கதை வேறு. தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூண், உத்தரம், கதவு எனக் கழற்றிக் கொண்டுவந்து, பத்து ஏக்கரில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் என்பவரின் முயற்சியில் 1996இல் திறந்த இடம். வளாகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். புதுப்பள்ளியிலிருந்து வந்த கேரள வீட்டின் மரச்சுவரைப் பையன் தட்டித் தட்டிப் பார்த்தான். யாரும் அதட்டவில்லை.

மகள் குயவரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். இதற்குத் தனிக் கட்டணம். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதில்தான் வித்தையே இருக்கிறதாம். கொஞ்சம் விலகினாலும் ஆட ஆரம்பித்துவிடுகிறது. அவள் ஆசையாக அழுத்த, சட்டியின் ஒரு பக்கம் சரிந்தது. "அழுத்தாதம்மா, சும்மா கை வச்சிரு, மண்ணு தானா எழும்பும்" என்றார் குயவர். மூன்றாவது முயற்சியில் ஓர் அகல் தேறியது. அடியில் நூலைக் கொடுத்து அறுத்து எடுத்தார். (வீட்டுக்கு வருவதற்குள் அது நசுங்கிவிட்டது, அது தனிக்கதை.)

அப்புறம் அக்ரகாரம். திருநெல்வேலிப் பக்கத்து வீடு என்றதும் அம்மா வேகமாக நடந்தாள். வாசலில் போய் நின்றுவிட்டாள். அகலத் திண்ணை, உள்ளே முற்றம் வரை ஒரே நேர்க்கோடாகத் தெரிகிறது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். அம்மா மட்டும் ஏறவில்லை.

"என்னம்மா, கால் வலிக்கா?"

"இல்லல. சின்னப் பிள்ளைல எங்கய்யாவோட இந்த மாதிரி வீட்டுக்கு நெல்லு அளக்கப் போவேன். தெருவுலயே நிப்பாட்டிருவாவ. தாகம்னா தண்ணிய உசரத் தூக்கிக் கைல ஊத்துவாவ."

இதை அவள் அதுவரை சொன்னதே இல்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தூணைப் பிடித்து ஏறி, திண்ணையில் உட்கார்ந்தாள். சாய்ந்துகொண்டாள். உள்ளங்கையால் தரையைத் தடவினாள்.

"நல்லா குளுகுளுன்னுதான் வச்சிருக்கான்."

கால் மணி நேரம் போனது. கைமுறுக்குக் கடையைப் பார்த்துவிட்ட மகள், "ஆச்சி, போலாமா?" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போங்கட்டி. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்."