உவமைக்குள் இருக்கும் பெண்கள்

ஜூன் 4

சங்ககாலப் பெண்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்ற குறுந்தொகை அடியும் கூடவே வந்துவிடும். ஆணுக்கு அவன் செய்யும் வேலை உயிர், வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அவளுடைய ஆண் உயிர். ஏதோ சட்டப்பிரிவு போலச் சொல்வார்கள். இன்று அந்த 135ஆம் பாட்டை முழுசாகப் படித்தேன். மொத்தமே நாலு வரிதான். பின்பாதியில் தோழி தலைவியிடம் சொல்கிறாள்: இப்படி நமக்குச் சொன்னவரே அவர்தானே, அழாதே, பயணத்தை நிறுத்திவிடுவார்.

ஆக, அது தலைவன் பேச்சு. பிரிந்துபோகக் கிளம்பியவனை அவன் வார்த்தையை வைத்தே மடக்கப் பார்க்கிறாள் தோழி. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ, சேர அரசர். அவருக்கே அந்த விளையாட்டு தெரிந்திருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 6

தலைவிக்குப் பெயர் கிடையாது, தொழிலும் கிடையாது. தினைப்புனத்தில் கிளி ஓட்டுவாள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பாள். அப்போது வேலை செய்த பெண்களே இல்லையா என்று தேடிக்கொண்டு போனால், அவர்கள் உவமைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நற்றிணை 353, கபிலர் பாட்டு. மலைமேல் தவழும் மேகத்தைச் சொல்ல வருகிறார். 'ஆளில் பெண்டிர் தாளிற் செய்த நுணங்கு நுண்பனுவல் போல' என்கிறார். ஆண் துணை இல்லாத பெண்கள் தங்கள் முயற்சியால் நூற்ற மெல்லிய நூல் மாதிரி மேகமாம். மேகத்துக்காக வந்த வரி. ஆனால் அன்றைய சமூகத்தின் ஒரு முழு மூலை அதில் தெரிகிறது. கணவன் இல்லாத பெண்கள் இருந்தார்கள், நூல் நூற்றார்கள், 'இன்ன பெண்கள் செய்கிற நூல்' என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும் அளவுக்கு அது சகஜமாக இருந்தது.

புறநானூறு 125இலும் பருத்திப் பெண்டு, அதாவது பஞ்சு நூற்கும் பெண், வருகிறாள். அங்கே அவளுடைய பஞ்சு எதற்கு உவமை தெரியுமா? விருந்தில் வைத்த கொழுத்த இறைச்சித் துண்டுக்கு! சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும்.

326ஆம் பாட்டில் மட்டும் அவளை நேராகவே பார்க்கலாம். இருட்டில் காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு பெட்டைக்கோழி கதறுகிறது. அந்நேரத்தில் பருத்திப் பெண்டு குப்பையைத் தட்டிச் சுத்தம் செய்ய எழுந்து சின்ன விளக்கை ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் சேவலைக் கண்டபின்தான் கோழி அடங்குகிறது. ஊர் தூங்கும்போது அவளுக்கு வேலை நேரம். ஆனால் பாட்டு அவளைப் பற்றியதல்ல. அடுத்த சில வரியிலேயே அந்த ஊர்த் தலைவனைப் புகழப் போய்விடுகிறது.

ஜூன் 7

அகநானூறு 140, அம்மூவனார். உப்பு விற்கும் பெண் சேரித் தெருவில் கை வீசி நடந்து, நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்று கூவுகிறாள். பழக்கமில்லாத குரலைக் கேட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள், தலைவன் மயங்குகிறான். அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு முதன்மையானவை என்கிற தொல்காப்பிய நூற்பாவை இவள் கூவலோடு எப்படிச் சேர்ப்பது? நாய்க்குப் பயந்ததை வேண்டுமானால் அச்சத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொருத்தி பெரும்பாணாற்றுப்படை இடைச்சி. மோர் விற்ற வருமானத்தில் குடும்பத்துக்குச் சாப்பாடு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். எருமையும் பசுவும்தான் வாங்குவாள். அந்த வீட்டின் கணக்கு வழக்கெல்லாம் யார் கையில் என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 10

கைம்பெண் பாட்டுகளை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

புறநானூறு 246. பூதப்பாண்டியன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறாள் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு. தடுக்கிற சான்றோர்களைத் திட்டிவிட்டு, தடுத்தபின் தனக்குக் கிடைக்கப்போகிற வாழ்க்கையைச் சொல்கிறாள்: நெய் படாத நீர்ச்சோற்றுப் பிண்டம், எள் துவையல், வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான் என்று முடிக்கிறாள். இதைக் கற்பின் உச்சம் என்றுதான் காலங்காலமாக வாசிக்கிறோம். எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பட்டியல்தான் பாட்டின் மையமாகப் படுகிறது. கணவன்மேல் உள்ள அன்பைவிட, தனக்காகக் காத்திருக்கும் அந்த வாழ்க்கையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள்.

248, ஒக்கூர் மாசாத்தனார். சிறு வெள்ளாம்பலைப் பார்த்து ஒரு கைம்பெண் சொல்கிறாள்: இளமையில் அது தழையாடை. கணவன் போனபின் அதன் அரிசியே உணவு, அதுவும் வேளை தப்பி.

அரசி வீட்டுப் பாட்டில் இரண்டு வழிதான்: தீ, இல்லையென்றால் நோன்பு. ஆறாம் தேதி எழுதிய நூற்புப் பெண்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கஷ்டமான வழிதான், ராத்திரியெல்லாம் விளக்கடியில் கண் விழிக்க வேண்டும். ஆனாலும் உழைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வழிக்கு யாரும் தனிப்பாட்டு பாடவில்லை. மேகத்தையும் இறைச்சியையும் பாடினார்கள்.

ஜூன் 13

சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. கோவலன் தான் செய்ததற்கெல்லாம் வருந்துகிறான். அவன் இல்லாத காலத்தில் தான் என்ன இழந்தேன் என்று கண்ணகி சொல்கிறாள். 'விருந்து எதிர்கோடலும் இழந்த என்னை' என்கிறாள். அறவோர்க்குக் கொடுப்பது, அந்தணரைப் பேணுவது, துறவியரை வரவேற்பது எல்லாம் போயிற்று. பெருஞ்செல்வர் வீட்டு மருமகள், ஆனால் கணவன் பக்கத்தில் இல்லாவிட்டால் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கூப்பிடும் உரிமைகூட இல்லை. இடைச்சிக்கு இருந்த அதிகாரம் மாநாய்கன் மகள் கண்ணகிக்கு இல்லை. அடுத்த மூச்சிலேயே 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். மதுரை எரிவதற்கு முன்பே கண்ணகிக்குக் குரல் இருந்தது. நாம்தான் வழக்குரை காதை வரும்வரை கேட்பதில்லை.

ஜூன் 15

மணிமேகலையில் எனக்குப் பிடித்த இடம் அட்சயபாத்திரம் கிடைப்பதல்ல. வஞ்சியில் தெய்வமாகிவிட்ட கண்ணகியின் படிமம் அவளுக்கு ஒரு யோசனை சொல்கிறது: நீ இளையவள், வளையல் அணிந்தவள் என்று பார்த்து யாரும் உனக்குத் தத்துவம் சொல்லித்தர மாட்டார்கள், வேற்றுருவம் எடுத்துக்கொள். அவளும் ஒரு தவமுனிவன் வடிவில் போய் அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன் என்று வெவ்வேறு சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கிறாள். பெண்ணுக்கு எந்தக் கதவு மூடியிருந்தது என்பதை மணிமேகலை பாடிய சாத்தனார் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சுற்றிவளைக்கவே இல்லை.

கடைசியில் பூதவாதி வருகிறான். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை, அனுமானமெல்லாம் பொய் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையை எப்படி அறிவாய்?