அக்கா மகனுக்குச் சேர வேண்டியது

"உன் வீடு, தோப்பெல்லாம் யாருக்குப் போகும்?"

கானா நாட்டுக் குமாசிக்கு வந்த மூன்றாவது மாதம், வீட்டுக்கார அம்மா கேட்டார். மகள் மரச்சீனியையும் வாழைக்காயையும் உலக்கையால் இடிக்க, ஒவ்வோர் இடிக்கும் நடுவே ஈரக் கையை உரலுக்குள் விட்டு மாவைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்த எனக்கு விரல் கூசியது.

"மகனுக்குத்தான்" என்றேன்.

கை நின்றது. உலக்கையும் நின்றது. "அப்போ உன் அக்கா மகன்?"

சுருக்கென்றது. தையில்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான் இங்கே இருந்தேன். பெரியம்மா மகன் மடியில் அவன் அழுத படம் மட்டும் எனக்கு வந்தது.

இந்த ஊர் மக்களான அசாந்திகளுக்கு ரத்தம் என்றால் தாய் ரத்தம். அரசன் மகன் அரசனாவதில்லை. அந்தத் தாய்வழியில் வந்தவர்களில் யார் என்பதுதான் போட்டி. பெயரை முன்மொழிகிறவர் அரசத் தாய், அந்த வழியின் மூத்த பெண். 1883இல் அரசர் மென்சா பொன்சுவைப் பீடத்திலிருந்து இறக்கியபின், அடுத்து வந்த குவாக்கு துவா சில வாரங்களிலேயே அம்மையில் போய்விட்டார். அப்புறம் உள்நாட்டுப் போர். அரசத் தாய் யா அச்சியா தன் மகன் பிரெம்பேவுக்காக நின்றார், எதிரே போட்டியாளர் அத்வெரெபோவானா. 1888இல்தான் பிரெம்பே அரசரானார், பதின்வயதுப் பையன். அரசுக்கு அடையாளமான தங்கப் பீடத்தின் மேல் எந்த அரசனும் உட்காருவதில்லை, அதில் இருப்பது மக்களின் உயிர் என்பார்கள். 1896இல் பிரிட்டிஷார் தாயையும் மகனையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். சீஷெல்ஸ் தீவிலிருந்து மகன் 1924இல் திரும்பினார். தாய் அங்கேயே இறந்துபோனார். இதைச் சொல்லும்போது வீட்டுக்கார அம்மாவின் குரல் இறங்கிவிடும், போன வருஷம் நடந்ததைப் போல.

நாகர்கோவில்காரனான எனக்கு இதெல்லாம் அந்நியமாகப் படவேயில்லை. 1729இல் திருவிதாங்கூர் மன்னரின் சகோதரி மகன் மார்த்தாண்ட வர்மா அரசேற, மன்னர் பெற்ற மகன்களான தம்பிமார் எதிர்த்து நின்று மாண்ட கதையை ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆச்சி எப்போதும் தம்பிமார் பக்கம்தான். கதை முடியும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது. கெஜெட்டியா சந்தையில் பேரம்கூடப் பேசுகிறேன். ஆனால் மரச்சீனி வேகும் வாசம் வந்தால் போதும், ஆச்சியின் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

சனிக்கிழமை அடூம் என்னும் கடைத்தெருவில் ஒரு தட்டானிடம் சின்னதாக ஒரு ஜோடி கடுக்கன் செய்யச் சொன்னேன். அளவு கேட்க அக்காவைக் கூப்பிட்டேன்.

"புண்ணு ஆறிட்டுடா" என்றாள். "வேப்பங்குச்சிதான் போட்டிருக்கேன்."