விரலே பிரஷ்

ஜூன் 2

"பிரஷ்ஷைப் பிடிச்ச மாதிரி காட்டுங்க ஐயா" என்றார் பிசியோ தம்பி. அப்பா இடது கை ஆட்காட்டி விரலை வாய்க்குள் விட்டுத் தேய்த்தார். "விரல் வேணாம், கையில பிரஷ் இருக்குதுன்னு நெனச்சுக்குங்க." மறுபடியும் விரல். காலையில் நிஜ பிரஷ்ஷைக் கொடுத்தபோது நன்றாகத்தான் தேய்த்தார்.

ஜூன் 3

தூக்கமில்லை. எண்ணூர் ரோட்டில் விடிய விடிய கன்டெய்னர் லாரிகள்.

ஜூன் 5

அந்த விரல் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பாப்பாவிடம் கேட்டேன், பல் எப்படித் தேய்ப்பே? விரலை நீட்டி ஈறில் தேய்த்தாள். தலை சீவு என்றால் ஐந்து விரலையும் முடிக்குள் விட்டுக் கோதினாள். மூன்று வயதில் பெரும்பாலும் இப்படித்தானாம், கையே சீப்பு, கையே பிரஷ். இல்லாத பிரஷ்ஷை இருப்பதாகப் பிடித்து, அதன் நீளத்துக்கு வாயிலிருந்து கையைத் தள்ளி வைக்க ஏழெட்டு வயதுகூட ஆகுமாம். மாடி வீட்டுப் பையன் நாலாங்கிளாஸ். அவனைக் கேட்டதும் காற்றில் பேஸ்ட்டையே பிதுக்கினான். சிரிப்பதற்குப் பதில் எனக்கு அழுகை வந்தது.

மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களும் விரலையே பிரஷ் ஆக்குவார்கள் என்றார் டாக்டர். வலது கை கால் மட்டுமில்லை, பேச்சும் ஜாடையும்கூட அந்தப் பக்கம்தானாம். முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் கிரேனுக்குக் கை காட்டியவருக்கா இது?

ஜூன் 6

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் எட்டு நாள். இந்த நேரத்திலும் அம்மாவுக்கு வஞ்சிரம்.

ஜூன் 9

பாப்பா வலது காலை இழுத்து நடக்கிறாள். வலது கையை மடக்கி வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள். அப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், எதிரில்கூட இல்லை. கூப்பிட்டால் ஓடிவருகிறாள், திரும்பிப் போகும்போது மறுபடியும் இழுக்கிறாள். காலைப் பிடித்துப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி போனில் படித்தேன். பியாஜே என்ற ஆராய்ச்சியாளர் தன் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தவர். வீட்டுக்கு வந்த ஒரு பையன் கத்திக் காலை உதைத்து ஆர்ப்பாட்டம் செய்ததை அவர் மகள் வாய் திறவாமல் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவளும் அதே மாதிரி. வயது 1, மாதம் 4. ஆக, பார்த்ததை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எடுப்பது இவளுக்கு எப்போதோ வந்துவிட்ட வித்தை. சரி. ஆனால் இதையா எடுப்பாள்?

அம்மா பாப்பாவின் முதுகில் ஒன்று வைத்து, "சப்பாணி மாதிரி நடக்காதடி" என்றாள். பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதம் சப்பாணிப் பருவம், குழந்தை கைகொட்டும் பருவம். அதே சொல். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா முழித்துவிட்டார். பார்த்தாரா?

ஜூன் 10

பார்த்திருக்கிறார்.

ஜூன் 12

அப்பாவை நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். வலப்பக்கம் கோணிக்கொண்டு வந்தது. பாப்பா பிறந்த மூன்றாம் வாரம் அவளுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவார், அவளும் நீட்டுகிறாள் என்று தெருவெல்லாம் பெருமை. 1977-இல் மெல்ட்ஸாஃப், மூர் என்ற இருவர் இதையேதான் சொன்னார்கள், 12 முதல் 21 நாள் குழந்தைகளை வைத்து. 2016-இல் 106 குழந்தைகளைப் பார்த்தவர்கள், அப்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள். அப்பா பக்கம்தான் நான்.

ஜூன் 14

நள்ளிரவுக்கு மேல் காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பும்.

சாயங்காலம் பாப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் இடது கை தூக்கி நின்றது. ஆட்காட்டி விரல் மேலே பார்த்து, சின்ன வட்டமாகச் சுற்றியது. கிரேனுக்கு அது தூக்கு என்று அர்த்தம். ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன். பாப்பா எழுந்து நின்றாள். விரல் கீழே பார்த்துச் சுற்றியது. அவள் குந்தினாள். மறுபடியும் மேலே.

அப்புறம் அவர் நிறுத்திவிட்டார். பாப்பா விரலைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தாள்.

ஜூன் 15

பிசியோ 11 மணிக்கு. சீப்பு எடுத்துப்போக வேண்டும்.