ஒரே மீட்டர், இரண்டு குடும்பம்: உரிமைத்தொகைக்காக அலைந்த கதை

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரியில் வாடகைக்குக் குடியிருக்கும் நானும் எங்கள் ரேஷன் கடைக்கு உரிய முகாமில் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. செப்டம்பர் 15 அன்று தெருவில் பலருக்கும் ஆயிரம் ரூபாய் வந்தது. எனக்குச் சில நாட்கள் கழித்து, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற குறுஞ்செய்திதான் வந்தது.

என் கணவர் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்கிறார். எங்களுக்குக் காரும் இல்லை, ஒரு சென்ட் நிலமும் இல்லை. காரணம் கேட்க உதவி மையத்துக்குச் சென்ற முதல் நாள் இணையம் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை, அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றபின், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும் வீடு என்பதால் தகுதி இல்லை என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் உள்ள மாடி வீட்டில் அவ்வளவு எப்படி ஆகும் என்று விழித்த பிறகுதான், நான் படிவத்தில் எழுதிய இணைப்பு எண் கீழ்வீட்டு உரிமையாளருடையது என்பது உறைத்தது.

அவர் வீட்டு ஏசிக்கும், தண்ணீர் மோட்டாருக்கும், எங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். மாடிக்குத் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். ஆண்டுக்கு 3,600 என்றால் இரண்டு மாதக் கணக்கில் சராசரி 600 யூனிட். எங்கள் கட்டடத்துக்கு 720 வரை வருகிறது, அதில் எங்கள் பங்கு 160தான். இதைச் சொன்னபோது அந்த ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மீட்டர் ஒன்று என்றால் கணக்கும் ஒன்றுதான், வாடகை ஒப்பந்தம் இருந்தால் கொண்டு வாருங்கள் அம்மா" என்றார்.

ஆறு ஆண்டுகளாக எங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. முன்பணம் நாற்பதாயிரத்துக்கும் ரசீது இல்லை. எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருந்தும், கையெழுத்துப் போட்டால் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்று வீட்டு உரிமையாளர் அஞ்சினார். உண்மையில் அந்த அச்சத்துக்கு இடம் தந்தது 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. எனினும் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதே, குடியிருப்பவரின் எண்ணைக் கொடுத்தால் வீடு பறிபோய்விடும் என்ற வதந்தியை நம்பிக் கடைசி நாள்வரை இழுத்தடித்தவர் அவர்.

அவர் மனம் மாறியதற்கு என் வாதத் திறமை காரணமன்று. அவருடைய மனைவியின் விண்ணப்பமும் அதே மீட்டரால்தான் நின்றுபோயிருந்தது. எங்கள் 160 யூனிட்டைக் கழித்தால் அவர்கள் கணக்கு 560 ஆகி வரம்புக்குள் வந்துவிடும் என்று நான் தாளில் போட்டுக் காட்டியதும், மறுநாளே முத்திரைத்தாள் வாங்கி வந்துவிட்டார். அதில் பழைய தேதியிட வேண்டாம், தாள் வாங்கிய நாள் அதன் பின்புறத்திலேயே இருக்கும் என்று நான் பிடிவாதமாக மறுத்து, "ஆறு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறார்" என்றே எழுத வைத்தேன்.

குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. என் ஆதாரில் எப்போதோ தொலைந்துபோன சிம் கார்டின் எண் இருந்ததால் ஓடிபி வராமல் ஒரு பயணம் வீணானது. எண்ணை மாற்றிவிட்டு 26ஆம் நாளில்தான் பதிய முடிந்தது. மேல்முறையீட்டுக்குப் போகிறவர்கள் இதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் ஒப்பந்தத்தை மேலோட்டமாகத்தான் புரட்டினார். தனிச் சமையலறையையும், தனி ரேஷன் அட்டையையும், எல்லாவற்றுக்கும் மேலாக என் பழைய நோட்டுப் புத்தகத்தையும் நெடுநேரம் பார்த்தார். துணை மீட்டரின் அளவையும் நான் கொடுத்த தொகையையும் குறித்து, ஒவ்வொரு முறையும் வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த நோட்டு அது. ஏமாந்துவிடக் கூடாது என்று தொடங்கிய பழக்கம், யாரும் கேட்காத சான்றாக வந்து நின்றது.

நவம்பரில் எனக்குப் பணம் வந்தது. வீட்டு உரிமையாளரின் மனைவிக்கு அதற்கடுத்த மாதம் வந்தது. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், உரிமையாளர் பார்க்கலாம் என்கிறார். முதல் நூறு யூனிட் இலவசம் முழுவதும் இன்னும் கீழ்வீட்டுக்கே போகிறது. எங்களுக்கு யூனிட் இன்றும் எட்டு ரூபாய்தான்.