கரிச்சூளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பூ

மே மாதத் தொடக்கம். கலிபோர்னியாவின் டெத் வேலியில் பள்ளத்தாக்குப் பூக்கள் எல்லாம் காய்ந்து, தரை கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அந்த வெயில் தாங்காது என்று வைல்ட்ரோஸ் கேன்யன் வழியாகப் பனமின்ட் மலைக்கு ஏறிவிட்டோம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், 1877-இல் கட்டிய பத்துக் கரிச்சூளைகள் தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் பின்யான் பைன் மரங்கள்.

நாங்கள் சூளைக்குள் போய் எதிரொலி கேட்டுக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சரளைச் சரிவில் குனிந்து நின்றார். "இங்க வாடி, அவரைப்பூ!"

கற்களுக்கு நடுவே தரையோடு படிந்த ஒரு சின்னக் குத்து. இலைகள் புளியிலை போல இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக, வெள்ளி முடி பூசியிருந்தன. அதன் மேல் அரை விரல் நீளத்துக்கு ரத்தச் சிவப்பில் பூக்கள். மேலே தூக்கிய ஒரு கொடியிதழ், பக்கத்தில் இரண்டு சிறகு, கீழே படகு. பறிக்காமல், தொடாமல், வடிவத்தை வைத்தே அவரைக் குடும்பம் என்று அம்மா கண்டுவிட்டார். அன்று முழுக்க எனக்கு அந்தப் பெருமைதான்.

இதன் பெயர் ஸ்கார்லெட் மில்க்வெட்ச்; தாவரவியலில் அஸ்ட்ராகாலஸ் காக்சினியஸ். அஸ்ட்ராகாலஸ் பேரினத்தில் ஏறக்குறைய 3,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் பூ ஊதாவோ மஞ்சளோ வெள்ளையோதான், தேனீக்கு ஏற்ற அளவில். தேனீக் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, பறவைக்கு நன்றாகத் தெரியும். இந்தச் செடி, பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பேர்டை நம்பித்தான் பூவை இவ்வளவு நீட்டிச் சிவக்க வைத்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்த வருடம் மழை இல்லை. அதே கல்லைத் தேடிப் போனால் சாம்பல் நிறத்தில் நாலு காய்ந்த காம்பு. செத்துவிட்டது என்றே நினைத்து அம்மாவிடம் சொல்லாமல் விட்டேன். பல்லாண்டுச் செடி என்று படித்திருந்தேன்தான், ஆனால் அந்தக் காம்பைப் பார்த்தபோது படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஒரு பருவத்தில் முளைத்து விதைத்து முடிந்துபோகும் பள்ளத்தாக்குப் பூக்களைப் போல இல்லை இது. மேலே எல்லாம் கருகினாலும் வேர் கீழே காத்திருக்கும்.

இந்த வருடம் மே மாதம் போனேன். அதே கல், அதே குத்து, முன்பைவிட அகலமாக. ஏழெட்டுப் பூங்கொத்து, ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போல ஒரு காய். சரளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் படம் எடுத்து, சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே அழைத்தார். "காய் இருக்கே, ரெண்டு விதை எடுத்துட்டு வா."

தேசியப் பூங்கா, ஒரு விதைகூட எடுக்கக் கூடாது என்றேன்.

"சரி, அப்ப அங்கயே விழட்டும்" என்றார்.