பெரிய தாத்தாவுக்குத் திதி கண்டுபிடித்த கதை

என் தாத்தாவின் அண்ணன் மன்னார்குடிப் பக்கம் குத்தகை நிலம் உழுதவர். விளைச்சல் குத்தகைக்கே சரியாகப் போனதால், 1937 வாக்கில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். மறு வருஷமே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவர் ஊரிலேயே இருந்திருப்பார். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினார். சண்டை வந்தது, நேதாஜி படையில் (இந்திய தேசிய ராணுவம், சுருக்கமாக ஐ.என்.ஏ.) சேர்ந்தார், பர்மாவில் செத்துப்போனார். எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்கு மேல் தெரியாது. இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசையில் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி.

அவர் எங்கே, என்றைக்கு இறந்தார் என்று தேட ஆரம்பித்தபோது எல்லோரும் முதலில் சொன்னது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். பெயர் போட்டால் படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை எண் எல்லாம் வரும். ஆனால் அது பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களுக்கான பதிவேடு. ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள நினைவுமண்டபத்தில் கல்லறை கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களும் ஏராளம். அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் நின்று செத்த தமிழனுக்கு அங்கே ஒரு வரி இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றக் கோப்புகள் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்குதான் இருந்தது. தனி ஆள் பெயரைத் தேடிப் போகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997இல் பாதுகாப்பு அமைச்சகம் கொடுத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் உண்டு. அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் கோப்புத் தலைப்புகளைத் தேடலாம். படைகள் எங்கே நகர்ந்தன என்று புரிந்துகொள்ள அவை உதவின. பிரிட்டிஷாரிடம் பிடிபட்டவர்களை, ஐ.என்.ஏ. மீது எவ்வளவு பற்று என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து விசாரித்த விவரங்களும் கிடைக்கும். பிடிபடாமலே இறந்துபோன தோட்டத்து ஆளுக்கு அங்கும் இடமில்லை.

வழி திறந்தது அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில்தான். 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் அறிவித்ததும் பெரிய பாட்டி விண்ணப்பம் போட்டிருக்கிறார். முடிவு வருமுன் அவர் காலமாகிவிட்டார். விண்ணப்பத்தோடு வைப்பதற்காக, பெரிய தாத்தாவுடன் படையில் இருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் எழுதிக்கொடுத்த சாட்சியக் கடிதத்தின் நகல் மடிப்புக் கிழியாமல் இருந்தது.

அதில் தேதி இல்லை. ஆனால் தேதியைவிட நல்ல விஷயங்கள் இருந்தன. ரப்பர் ஏற்றுமதி நின்று கூலியும் அரிசியும் இல்லாமல் மரவள்ளிக் கிழங்கில் காலம் தள்ளியது, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தபோது ஓடி ஒளிந்தது, 1943இல் நேதாஜி வந்த பிறகு தோட்டத்து இளவட்டங்கள் கூட்டாகப் போய்ச் சேர்ந்தது, கோலாலம்பூரில் பயிற்சி. பிறகு எந்த ரயில் பாதைக்குப் பயந்து ஒளிந்தார்களோ அதே பாதையில் பர்மாவுக்கு. படை நேரு பிரிகேட், தலைவர் தில்லான். “நவுங்கூ என்ற ஊரில் ஆற்றங்கரையில் இருந்தோம். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், புதன்கிழமை, விடியுமுன் அக்கரையிலிருந்து படகுகள் வந்தன. பொழுது விடிந்ததும் பீரங்கியும் விமானமும் அடித்தன. அவர் பதுங்குகுழியிலேயே போய்விட்டார். பின்னால் போய் எடுக்க முடியவில்லை.”

நவுங்கூ என்பது ஐராவதியின் கிழக்குக் கரையில், பகான் பக்கத்தில் உள்ள நியாங்-ஊ. 1945 பிப்ரவரி 14 விடியற்காலையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 7ஆவது டிவிஷன் அங்கேதான் ஆற்றைக் கடந்தது. முதலில் ஒரு கம்பெனி இருட்டில் கரையேறியது, அடுத்து வந்த படகுகள் சுடப்பட்டுத் தடுமாறின. பகல் வெளிச்சத்தில் மேற்குக் கரையிலிருந்து டாங்கி, பீரங்கி, விமானம் மூன்றும் சேர்ந்து அடித்த பிறகே மறுபடி கடந்தார்கள். அங்கே காவலிருந்த ஐ.என்.ஏ. வீரர்கள் பலர் அன்று வெள்ளைக்கொடி காட்டிச் சரணடைந்ததும் உண்மை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போதிய சாப்பாடும் மருந்தும் கனரக ஆயுதமும் இல்லாமல் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

கடிதத்தில் சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். 1945 பிப்ரவரி 14 புதன்கிழமை. அமாவாசை 12ஆம் தேதி. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதிய மனிதர் தேதியை மறந்திருக்கிறார், ஆனால் நிலா இல்லாத ராத்திரியை மறக்கவில்லை. ஊர் ஜோசியரிடம் பழைய பஞ்சாங்கக் கணக்கையும் கேட்டோம். தாரண வருஷம், மாசி மாதம், வளர்பிறை துவிதியை. இந்த மாசியில்தான் முதல் தடவையாக அவர் பெயரை மட்டும் சொல்லித் திதி கொடுத்தோம். தொண்ணூறு வயதை நெருங்கும் அத்தை முழுநேரமும் உட்கார்ந்திருந்தார்.

இதே தேடலில் இறங்குபவர்களுக்கு ஒன்றிரண்டு. ஆள் பெயரை வைத்துத் தேடாதீர்கள். முனியாண்டி, ராமசாமி என்ற பெயர்கள் தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு இருக்கும், ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தோட்டத்தின் பெயர், படைப்பிரிவு, தலைவர் பெயர் இவற்றில் ஒன்று கிடைத்தாலும் மீதியை இழுத்துவிடலாம். தில்லான், ஷாகல், ஷா நவாஸ் கான் என்ற ஐ.என்.ஏ. அதிகாரிகள் மூவர் மீதும் செங்கோட்டையில் நடந்த வழக்கின் ஆவணங்கள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைக் கட்டாயம் படியுங்கள். ஓய்வூதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் அதன் நகலைத் தேடுங்கள், கூட இருந்தவரின் வாய்மொழி அதில்தான் தங்கியிருக்கும்.

அவரோடு அந்தத் தோட்டத்திலிருந்து போன மற்றவர்கள் யார் யார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துக் குடும்பங்களில் யாரிடமாவது அந்தக் காலத்துக் கடிதமோ படமோ இருந்தால், பூச்சி அரிக்குமுன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.